சர்க்கார் நிலத்தில் மூன்று கல்

தேவிகுளத்துக்கு மேலே, தேயிலை முடிந்து புல் தொடங்கும் சரிவில் பழைய பட்டாளத்துக் கூடாரம் ஒன்றைக் கட்டியிருக்கிறேன். சர்க்கார் நிலம், கேட்க ஆளில்லை. மூன்று கல் கூட்டிக் காப்பித் தண்ணீர் வைத்தால், நனைந்த சுள்ளி புகைகிறதே தவிர எரியவில்லை.

புகையைப் பார்த்துவிட்டு எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து ஒரு பெண் விறகுக்கட்டோடு ஏறி வருகிறாள். கூடாரத்துக்குச் சற்றுத் தள்ளிக் கட்டை இறக்கிவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொள்கிறாள்.

"அண்ணாச்சி, இங்க நெலத்துக்குப் பட்டயம் குடுக்காகளா? நீங்க எதுவரைக்கும் வளைச்சிருக்கீக?"

"நான் வளைக்க வரலம்மா. ஒரு ராத்திரி மலையில படுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஊர்ல வீடு இல்லையா?"

"இருக்கு."

"வீட்டை வச்சுக்கிட்டா இந்தக் குளிர்ல கெடக்கீக?"

அவள் சிரிக்கிற சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வருகிறது. காய்ந்த விறகு இரண்டை உருவி என் அடுப்பில் செருகுகிறாள். தீ பிடித்துக்கொள்கிறது.

"எங்களுக்கு இந்த வருசத்தோட வேலை முடியுது. லயத்து வீடும் போயிரும். நீங்க போகையில இந்த அடுப்பைக் கலைச்சிராதீக."

காலையில் கூடாரத்தைச் சுருட்டுகிறேன். தங்கிய இடத்தில் அடுப்புக் கல்லைக் கலைத்துவிட்டுக் கிளம்புவது என் வழக்கம். இன்றைக்குத் தொடவில்லை. கீழே பாதையில் அவளும் புருஷனும் ஏறி வருகிறார்கள். அவன் தோளில் மண்வெட்டி, அவள் தலையில் சோற்றுப்பானை.