விரல் உரசும் சத்தம்

மதுரை ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. திண்டுக்கல் வீட்டில் நான் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். மகள் ஸ்பீக்கரில் கிட்டார் இசை போட்டிருக்கிறாள். ஐரோப்பிய அரண்மனைக் காலத்து மெட்டில் தொடங்கி இன்றைய இசைவரை ஒரே ஆள் வாசித்ததாம். எனக்குக் கேட்பதோ கம்பியில் விரல் நகரும்போது எழும் அந்தக் கிரீச் சத்தம் மட்டும்தான்.

அப்பா மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவர். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ரேடியோகூடப் பாடாது. ஆனால் ஈஸ்டர் பூசைக்கு வாசித்தாக வேண்டுமே! வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கை விரல்களை மட்டும் கம்பிகளில் ஓட்டிப் பழகுவார். மீட்டாதவரை அது பாட்டில்லை என்பது அவர் கட்சி.

ஒரு வருடம் தவக்காலத்தில் அண்ணன் கடும் காய்ச்சலில் கிடந்தான். அப்பா விரல்களின் இந்தக் கிரீச்சையும் ஆண்டவர் பாட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டால் அண்ணனை என்ன செய்வாரோ என்று அப்பாவிடம் ஓடினேன்.

"போதும்ப்பா, வச்சிருங்க" என்றேன்.

கட்டிலிலிருந்து அண்ணன் முனகினான். "நிப்பாட்டாதீங்கப்பா. சத்தம் நின்னா பயமா இருக்கு. இன்னும் செத்த நேரம்..."

அப்பா நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவன் தூங்கிய பிறகும் அவர் விரல்கள் நிற்கவில்லை.

என் முகத்தைப் பார்த்து மகள் ஸ்பீக்கர் பக்கம் கை நீட்டுகிறாள். "நிப்பாட்டிரவாம்மா?"

"வேணாம். ஓடட்டும்."

பழைய மெட்டு முடிகிறது. அடுத்தது இன்னும் தொடங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.