எத்தனைக்கு ஐந்து

எங்கள் அப்பாவுக்கு ஒன்று என்றால் நல்லது, ஐந்து என்றால் குப்பை. முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்ட வேலையே அதுதான். பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் புகைவீட்டு ஆள் அவர். புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். தேன் நிறத்தில், குமிழி இல்லாமல், பட்டைத் தூசு இல்லாமல் இருந்தால் நம்பர் ஒன்று. சின்னக் குறை இருந்தால் இரண்டு. அப்படியே இறங்கி, கறுத்துப்போய்க் கையில் பிசுபிசுப்பது நம்பர் ஐந்து. அதை ஒரு மூலையில் வீசுவார்.

ஷீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அம்மா வைக்கும் குழம்புக்கும் நம்பர் போடுவார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒருவன் படியேறுவதற்குள், "நம்பர் நாலு, காப்பி கலக்காதே" என்று உள்ளே குரல் கொடுத்தார். எஸ்டேட்டே அப்படித்தான் பேசும். கெட்டிக்காரப் பிள்ளையை நம்பர் ஒண்ணு என்பார்கள். குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனை நம்பர் அஞ்சு என்பார்கள். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அண்ணனை மட்டும் அவன் பிறந்த நாளிலிருந்தே அப்பா நம்பர் ஒன்றில் வைத்திருந்தார். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியோடு எல்லாப் பிள்ளைகளும் நின்றுவிட, அவன் மட்டும் சிரம்பான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போனான். கடைசிப் பரீட்சை எழுதும் நேரத்தில் ஜப்பான்காரன் வந்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். இங்கிலீஷ் படித்தவன் எங்களோடு சேர்ந்து மரவள்ளிக் கிழங்கு நட்டான். ரப்பர் வாங்க ஆள் இல்லாமல் புகைவீட்டு அடுப்பும் அணைந்து கிடந்தது.

மறு வருஷம் சயாமுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். முதலில் போனவர்கள் நம்பித்தான் போனார்கள். மூன்று மாதம் ஆறு மாதமாகியும் ஒருவரும் திரும்பாதபோது, பிறகு யார் நம்புவார்கள்? அதனால் எஸ்டேட்டுக்கு இத்தனை தலை என்று கேட்டு வாங்கினார்கள். பட்டியல் போடுகிற வேலை ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கு. கல்யாணம் ஆகாத வாலிபப் பிள்ளைகளின் பெயர் முதலில் ஏறும். அண்ணனுக்கு அப்போது இருபது வயது.

அந்த நேரத்தில்தான் சேதி வந்தது. டாக்டருக்குப் படிக்க ஜப்பான்காரன் ஆள் எடுக்கிறானாம், சிரம்பானில் பரீட்சையாம், தேறினவனைச் சயாமுக்கு அனுப்ப மாட்டானாம். கிராணியே வீட்டுக்கு வந்து சொன்னார். அவரைக் குறை சொல்லவே எனக்கு நாக்கு துடிக்கிறது, ஆனாலும் அதைச் சொன்னவர் அவர்தான்.

"தேறிட்டான்னு தாள் வந்துச்சுன்னா பட்டியல்ல இவன் பேரை நானே அடிச்சிடுறேன்லா. இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்லை, பார்த்துக்குங்க" என்றார்.

ஆக, அந்தப் பரீட்சைதான் அண்ணனின் உயிர். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

ஒரு மாதம் படித்தான். கேள்வி கேட்கும் வேலை என்னுடையது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கிடந்த பழைய புத்தகத்தை நான் மடியில் வைத்துக்கொள்வேன். அவன் கிழங்குக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டே பதில் சொல்வான். அவன் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டி நான் கேட்பதற்குள், "ஈரலைத்தானே கேக்குறே, கேளு கேளு" என்று கேலி செய்வான். ஜப்பான் பாஷைக்கும் ஒரு பரீட்சை உண்டு என்பதால் அந்த வார்த்தைகளையும் மனப்பாடம் செய்தான். கூடவே எனக்கும் பாதி மனப்பாடம் ஆனது.

பெடாஸ் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மகனும் எழுதினான். அண்ணனுடைய பள்ளித் தோழன், நல்ல பையன், ஆனால் படிப்பு வராது. இரண்டு பேரும் சைக்கிளில் போனார்கள். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் ரப்பர் மரம், சைக்கிளுக்கு டயர் இல்லை. அப்படிப்பட்ட ராஜ்யம் அது.

திரும்பி வந்த அண்ணன் வாயெல்லாம் பல்லாக நின்றான். "அஞ்சு பாடத்துல நாலு நல்லா எழுதியிருக்கேன்பா. ஒண்ணுல ஒரு கணக்கு தப்பிடுச்சு, அவ்ளோதான். எழுதின எல்லாருக்கும் தாள் அனுப்புவாங்களாம். தேறினவங்க அதுல போட்டிருக்குற நாள்ல சிரம்பானுக்கு வரணுமாம்." அந்த வார்த்தைகளை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். அதை வைத்தே நாங்கள் புரிந்துகொண்டிருக்கலாம். எங்கள் புத்தி எங்கே போனதோ.

இரண்டு வாரம் கழித்துத் தாள்கள் ஆபீசுக்கு வந்தன. அப்பா, அண்ணன், நான், கடை பாய், அவர் மகன், எல்லாரும் கிராணியின் மேசையைச் சுற்றி நின்றோம். ஒவ்வொரு தாளிலும் ஐந்து வரி. பாடத்தின் பெயர் ஜப்பான் எழுத்தில். அண்ணன் படித்திருந்த எளிய எழுத்து இல்லை அது, கோடும் கட்டமுமாகச் சிக்கலான எழுத்து. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நமக்குத் தெரிந்த எண். கீழே சிவப்பு முத்திரை, தேதி.

அண்ணன் தாளில் ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து, ஐந்து.

பாய் மகன் தாளில் இரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு.

கிராணி இங்கிலீஷ் பரீட்சையில் மூன்றாம் கிரேடில் தேறியவர். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தார். அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "முதல் கிரேடுதான் ஒசத்தி. மூணு வரைக்கும் பாஸ். அதுக்குக் கீழே போனா ஃபெயில். உங்க மவனுக்கு அஞ்சுலா போட்டிருக்கான்."

அப்பா தாளை வாங்கினார். ஜன்னல் பக்கம் போய் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஷீட்டைப் பார்ப்பது போலவே, தலையைக் கொஞ்சம் சாய்த்து. பார்க்கப் பார்க்க அவர் முகம் இருண்டது.

"நம்பர் அஞ்சு" என்றார்.

"நல்லாதான்பா எழுதினேன்" என்றான் அண்ணன்.

"எழுதிக் கிழிச்சே. பாய் மவன் ஒண்ணு வாங்கியிருக்கான், பாரு."

பாய் மகனுக்கே நம்பிக்கை வரவில்லை. தன் தாளையும் அண்ணன் தாளையும் மாறிமாறிப் பார்த்தான். கடை பாய் ஊர்க்காரர்களிடம் ஷீட் வாங்கி விற்றவர், அவருக்கும் ஒன்றுதான் ஒசத்தி. "எல்லாம் அல்லா செயல்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் ஸ்லேட்டில் மார்க் போட்டால் வீட்டில் முதல் கேள்வி எத்தனைக்கு எத்தனை என்பதுதான். நாலாம் வகுப்போடு நின்ற எனக்கே அது தெரியும்.

"அப்பா, எத்தனைக்கு அஞ்சு?" என்று கேட்டேன்.

"பொட்டக் கழுதைக்கு ஆபீசுல என்ன பேச்சு? வாயை மூடு!" என்றார். கிராணி சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு முறை கேட்டிருக்கலாம். அடித்தால் அடிக்கட்டும் என்று கத்தியிருக்கலாம். கேட்கவில்லை.

அண்ணன் மட்டும், "நான் அந்தத் தேதியில நேர்ல போயிக் கேட்டுட்டு வரேன்" என்றான். அதற்கும் கிராணி தடை போட்டார். தேறாதவன் சிரம்பானில் தலையைக் காட்டினால் அங்கேயே பிடித்து லோரியில் ஏற்றிவிடுகிறார்களாம், லாபு பக்கம் இரண்டு பேருக்கு அப்படி ஆகிவிட்டதாம். யார் சொன்னது, எவர் பார்த்தது, ஒன்றும் கிடையாது. அம்மா அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போகாதடா சாமி, கொல்லையில ஒளிஞ்சுக்கோ" என்று அழுதாள். அவன் போகவில்லை.

கடை பாய் எங்கோ ஒளித்து வைத்திருந்த அரிசியை எடுத்து நெய்ச்சோறு ஆக்கினார். எங்களுக்கும் ஒரு தட்டு வந்தது. கிழங்கையே தின்று செத்துப்போயிருந்த நாக்கு. அண்ணன் தோற்றுவிட்டான் என்ற துக்கத்தோடு அதையும் தின்றோம். நான் தட்டை வழித்துத் தின்றேன்.

தாளில் போட்டிருந்த தேதிக்கு இரண்டு நாள் முன்னால் லோரி வந்தது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பெயர் வாசித்தார்கள். அண்ணன் கொல்லையில் ஒளியவில்லை. அவன் வராவிட்டால் அப்பாவை ஏற்றுவோம் என்றார்கள், வந்துவிட்டான். கிராணி தலையைக் குனிந்துகொண்டு பட்டியலைப் படித்தார். அப்பா அண்ணன் தோளைத் தொட்டு, "மூணு மாசம்தான்" என்றார். அண்ணன் என்னிடம், "புத்தகத்தை ஆஸ்பத்திரியில குடுத்துடு, யாராச்சும் தேடுவாங்க" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

தேதி அன்று பாய் மகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிரம்பான் போனான். மறுநாள் காலையில் எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடி வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. படியில் நின்றுகொண்டே அழுதான்.

"என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க மாமா. அஞ்சுதான் முழு மார்க்காம். ஒண்ணுதான் அடி மட்டமாம். எல்லாருக்கும் முன்னால சிரிச்சிட்டாங்க. அவன் பேரைக் கூப்பிட்டாங்க மாமா, மூணு தடவை கூப்பிட்டாங்க. அவன் இல்லாமப் போயிட்டானே!"

பிடித்து லோரியில் ஏற்றினார்களா என்று அம்மா கேட்டாள். "இல்லையே, வீட்டுக்குப் போன்னு சொன்னாங்க, வந்துட்டேன்" என்றான். கிராணி சொன்ன கதையும் பொய்.

அப்பாவும் நானும் தாளை எடுத்துக்கொண்டு சிரம்பானுக்கு நடந்தும், வழியில் ஒரு மாட்டு வண்டியில் ஏறியும் போனோம். அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு ஜப்பான்காரன், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். அப்பா இடுப்பு வரை குனிந்து தாளை நீட்டினார். ஜப்பான்காரன் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஏதோ சொன்னான்.

"எழுதினவங்கள்ல இவன்தான் முதலாம். இவ்வளவு நல்ல மார்க் யாருக்கும் இல்லையாம். பையன் எங்கேன்னு கேக்குறாரு" என்றார் தமிழர்.

நான்தான் சொன்னேன், சயாமுக்குப் போய்விட்டான் என்று. ரயில் எப்போது போனது என்று கேட்டார்கள். லோரி வந்த அன்று ராத்திரியே என்றேன். சயாமுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் ராணுவத்தார், அதில் தான் தலையிட முடியாது என்றான் ஜப்பான்காரன். பிறகு பெரிய நோட்டை விரித்து, பேனாவால் ஒரு பெயரின் மேல் கோடு கிழித்தான். கிராணி அடித்துவிடுகிறேன் என்று சொன்ன பெயர் அங்கேதான் அடிபட்டது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரே ஒருவர் திரும்பி வந்தார். அண்ணன் வாந்திபேதியில் போய்விட்டான் என்று சொன்னார். சாகும்வரை மற்றவர்களுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, காய்ச்சிக் குடி என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அந்தப் பாடத்தைக் கிழங்குக் கொல்லையில் நான்தான் அவனிடம் கேள்வி கேட்டேன்.

வெள்ளைக்காரத் துரைமார்கள் திரும்பினார்கள், புகைவீட்டில் அடுப்பு எரிந்தது, அப்பா பழைய இடத்துக்குப் போனார். ஒரு மாதம் போவதற்குள் கப்பலுக்குப் போன சரக்கு துறைமுகத்திலிருந்தே திரும்பி வந்தது. நான்காம் நம்பர் கட்டுகளில் கறுத்தது, பிசுபிசுத்தது எல்லாம் கலந்து கிடந்ததாம். துரை புகைவீட்டுக்கே வந்து பார்த்தார். ஐந்து என்ற அடுக்கே அங்கே இல்லை. எவ்வளவு கேட்டும் அப்பா காரணம் சொல்லவில்லை. கண் போய்விட்டது என்று முடிவு கட்டி அவரைப் புல்வெட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கையைக் கழுவினார். சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைத் தொடாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு ஆபீசுல நீ என்னமோ கேட்டியே. என்ன கேட்டே?"

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அம்மா கண்ணைக் காட்டினாள், சொல்லாதே என்று. எனக்கு இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சமும் வரவில்லை.

"எத்தனைக்கு அஞ்சுன்னு கேட்டேன்" என்றேன்.

அப்பா தன் கையை விரித்து ஐந்து விரலையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிப்போனது. அதற்கப்புறம் அவர் எதற்கும் நம்பர் போட்டு நான் கேட்டதில்லை.