கரிப் பென்சில் சீவும் ஹேமாவதி

என் தங்கை ஹேமாவதி பென்சில் சீவுவதைப் பார்த்தால் உங்களுக்கும் எரிச்சல்தான் வரும். மற்றவர்கள் டீ குடித்து முடிக்கிற நேரத்தில் அவள் ஒரே ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பாள். நடுவில் கூப்பிட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு எதிர் ஃபிளாட்டில் இருக்கிறேன். இதையெல்லாம் பார்த்துத் தொலைக்க வேண்டியது என் தலையெழுத்து.

அவள் வரைவது முகங்கள், அதுவும் கரிப் பென்சிலால். அந்தக் கரி கருகருவென்று அழகாகப் பதியும். ஆனால் கொஞ்சம் அழுத்தினால் மளுக்கென்று ஒடிந்துவிடும். ஒரு கம்பெனியில் பல வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவள், அந்தக் கம்பெனியை மூடிவிட்ட பிறகு, "இனிமே வரைஞ்சுதான் சம்பாதிப்பேன்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். கல்யாண ரிசப்ஷனில் விருந்தினரை உட்காரவைத்து அங்கேயே முகத்தை வரைந்து கொடுக்கிறார்களே, அந்த வேலை வேண்டுமாம். பொத்தேரியில் ஸ்டுடியோ வைத்து அதற்கு ஆள் அனுப்புகிறவர் யக்ஞநாராயணன். அவர் இவளை ஒருநாள் வரைய வைத்துப் பார்த்தார். பாதி நேரம் வரைந்தாள், மீதி நேரம் ஒடிந்த முனையைச் சீவினாள்.

"கை நல்லா இருக்கு மேடம். ஆனா கெஸ்ட் உட்கார்ந்திருப்பார், நீங்க சீவிக்கிட்டே இருப்பீங்க. விஜயதசமி அன்னிக்கு இன்னொரு தடவை வாங்க. அதோட ஆள் எடுக்கிறதை முடிச்சிடுவேன்" என்று அனுப்பிவிட்டார்.

அன்று ஆரம்பித்தது கூத்து. சின்ன ஷார்ப்னருக்குள் கரி ஒடிந்து அடைத்துக்கொண்டது. கைப்பிடியைச் சுற்றும் மேஜை மெஷின் கட்டையைக் கடித்துக் குதறியது. அவள் வீட்டுக்காரர் மோகன்ராஜ் ஆசையாக வாங்கி வந்த பேட்டரி மெஷின் பாதிப் பென்சிலை விழுங்கிவிட்டு மொட்டை முனையைக் கொடுத்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கும் ஜெயவேலு எங்களைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாக்கா, போன வாரம் வாங்கிகினு போன மெஷினும் செட்டாவலையா? ஒரு பென்சில் சீவுறதுல இவ்ளோ பேஜார் கீதா?"

"இருக்குப்பா. வேற என்ன வெச்சிருக்க, எடு" என்றாள் ஹேமா. சிரிப்புக்கெல்லாம் அசைகிறவள் இல்லை அவள்.

கடைசியில் ஒரு பக்கம் மட்டும் கூரான, முதுகு தடித்த பிளேடு அவள் கைக்கு அமைந்தது. பிளேடைத் தள்ளினால் வேகத்தில் கரி ஒடிகிறது. பிளேடு அசையாமல் நிற்க, பென்சிலைத்தான் மெல்லப் பின்னால் இழுக்க வேண்டும் என்று விரல் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுத் தெரிந்துகொண்டாள். கட்டையை நீளமாகச் செதுக்கி எடுத்து, வெளியே தெரியும் கரியை உப்புத்தாளில் படுக்கவைத்து உருட்டுவாள். நுனியால் கண் இமை போடலாம், பக்கவாட்டில் சாய்த்துத் தேய்த்தால் நிழல் விழும். வீடெல்லாம் கரித்தூள். ஒருநாள் சாம்பாரில்கூட மிதந்தது. கத்திவிட்டு வந்தேன். அவள் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு அடுத்த பென்சிலை எடுத்தாள்.

விஜயதசமிக்குப் போகும்போது எல்லாம் சீவித் தயாராக இருக்க வேண்டும், அங்கே பிளேடையே தொடக் கூடாது என்பது அவள் திட்டம். டப்பா நிறைய முனை தீட்டி, ஒன்றோடொன்று இடிக்காமல் துணி சுற்றி, ஆயுத பூஜைக்கு சாமி முன்னால் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடமாட்டோம். காலையில் மோகன்ராஜ் கற்பூரம் காட்டிவிட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மூடிமேல் சந்தனப் பொட்டு. அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் துணைக்குப் போனேன்.

பொத்தேரியில் யக்ஞநாராயணனே மாடலாக நாற்காலியில் உட்கார்ந்தார். வரைய வந்திருந்த எல்லோருக்கும் அரை மணி நேரம். ஹேமா டப்பாவைத் திறந்தாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கரி முனையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்! பைக்குக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்த கையோடு அந்த மனுஷர் மோகன்ராஜ் துணியைப் பிரித்து, ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறார். பக்திக்கும் ஓர் அளவு வேண்டாமா? ஈரச் சந்தனம் கரியில் ஊறிக் காய்ந்திருந்தது. ஒன்றை எடுத்துக் காகிதத்தில் இழுத்தாள். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது, முனை பொடிப்பொடியாக உதிர்ந்தது. பக்கத்தில் மற்றவர்கள் மூக்கு வரைக்கும் வந்துவிட்டார்கள்.

நானாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அவள் பிளேடை எடுத்தாள், மடியில் காகிதத்தை விரித்தாள், வீட்டில் சீவுகிற அதே நிதானத்தோடு சீவ ஆரம்பித்தாள்.

"மறுபடியுமா மேடம்?" என்றார் யக்ஞநாராயணன், முகத்தைத் திருப்பாமல்.

"ஆமா சார். நீங்க அப்படியே உட்காருங்க."

அடிப்பாவி, சீக்கிரம், சீக்கிரம் என்று எனக்குள் கத்தினேன். அவள் கை வேகமெடுக்கவே இல்லை. சந்தனம் ஊறியதை வெட்டிக் களைந்து, புதுக் கரியை நீளமாக வெளியே எடுத்து, உப்புத்தாளில் உருட்டினாள். இரண்டே பென்சில். பிறகுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் முனை ஒடியவில்லை, கை நிற்கவில்லை.

நேரம் முடிந்தபோது அவள் படத்தில் தோள் இல்லை, ஒரு காதும் இல்லை. யக்ஞநாராயணன் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவளிடம் நின்றார். படத்தில் இருந்த கண்கள், பொறுமை போய், கொஞ்சம் கோபமாகவே அவரைப் பார்த்தன. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ரிசப்ஷன் ஒண்ணு இருக்கு, வர்றீங்களா?"

"வரேன் சார். ஆனா கெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி, அந்த மண்டபத்துலயே உட்கார்ந்து சீவ எனக்குக் கால் மணி நேரம் வேணும். அப்போ யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது."

வேலை கொடுக்கிறவரிடம் முதல் நாளே கண்டிஷனா! என் கை தானாகவே அவள் முதுகைக் கிள்ளியது. அவள் அசையவில்லை.

யக்ஞநாராயணன் படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"கால் மணி நேரம் போதுமா மேடம்?" என்றார்.