எங்கள் தென்னையின் உடைந்த மரபணு

“கம்ப்யூட்டரா, பயாலஜியா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுத்தா” என்று என் அத்தை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சேர்ந்திருந்தது பி.எஸ்சி. கணினிவழி உயிரியல். உயிர்களின் மரபணுவில் இருக்கும் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படிக்கிற படிப்பு. “ரெண்டுந்தான் அத்தை” என்றால், “அப்ப ரெண்டுங்கெட்டான்னு சொல்லு” என்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சேரும்போது எனக்கே ஒன்றும் தெரியாது. கல்லூரியில் புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள், பெயர் நீளமாக இருக்கிறது, தவளையை வெட்ட வேண்டியதில்லை. இந்த மூன்றும் போதும் என்று சேர்ந்துவிட்டேன். கீரமங்கலத்துப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ். முதல் ஆறு மாதம் பாதி புரிந்தது, பாதி தூக்கத்தில் போனது.

பிறகு ஒரு மதியம், லேபில் தென்னை மரத்தின் மரபணுத் தொகுதியை இறக்கித் திறந்து காட்டினார்கள். ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள், கோடிக்கணக்கில். சுட்டெலியின் சக்கரத்தை உருட்டினேன், உருட்டினேன், உருட்டிக்கொண்டே இருந்தேன். எங்கள் கொல்லையில் நிற்கிற மரம்! குரும்பையும் இளநீரும் மட்டையும் பன்னாடையும் எல்லாம் இந்த நாலு எழுத்துக்குள்ளா? அன்றைக்குப் பஸ்ஸில் வழி முழுக்க தென்னந்தோப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றுதான்.

மூன்றாம் வருடம் அந்தப் பைத்தியத்துக்கு ஒரு வழி திறந்தது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆறு வாரப் பயிற்சி. எங்கள் கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். சொந்தமாக ஒரு சிறு ஆய்வு செய்து ஒரு பக்கச் சுருக்கம் அனுப்ப வேண்டும்; அதைப் பார்த்துவிட்டு வீடியோவில் நேர்காணல் நடத்துவார்கள். எனக்கு அந்த இடம் வேண்டும். வேறெதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. அத்தை, “அது கெடைக்கலேன்னா பேசாம பி.எட். சேர்ந்துரு. நம்மூருப் பள்ளிக்கூடத்துலயே வேலை பாக்கலாம்” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “சரி, கெடைக்கலேன்னா சேர்றேன். கெடைச்சா எம்.எஸ்சி. நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் வாயைக் கொடுத்துவிட்டேன். அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் அப்பா எண்ணுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காய் வெட்டு நடக்கும் நாளில் தேங்காயைக் குவித்து வைத்து, இரண்டு இரண்டாக எடுத்து வீசி எண்ணுவார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் எண். முதல் வீச்சுக்கு ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அப்பா எண்ணினால் பிசகாது என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். மற்றவர்கள் தோப்புக்கும் கூப்பிடுவார்கள். எண்ணும்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது, பேசினாலும் பதில் வராது. ஒருமுறை குவியலுக்குள்ளிருந்து சாரைப்பாம்பு ஒன்று வெளியே வந்தது. எல்லோரும் ஓடினார்கள். அப்பா ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்டார், எண்ணிக்கை நிற்கவில்லை.

அதனால்தான், முதல் வருடத்தில் பைத்தான் நிரல்மொழி பாடம் எடுத்தபோது, “இதுல எண்ணிக்கை சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும். முதல் எழுத்தோட இடம் சைபர்” என்று மேடம் சொன்னதும் வகுப்பே முனகியது, நான் மட்டும் சிரித்தேன். இதென்ன பெரிய விஷயம்? எங்கள் வீட்டிலும்தான் முதலாவதை ஒன்று என்று சொல்வதில்லை. அதற்கு லாபம், இதற்குச் சைபர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீமிசல் தோழிக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். “மொதலுக்கு மட்டுந்தான்டி வேற பேரு” என்றேன். அவள், “அட, இவ்வளவுதானா!” என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பயிற்சிக்கான ஆய்வுக்கு, உப்புத் தண்ணீரைத் தாங்க உதவும் ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டேன். எண்ணெய்ப் பனையில் அது எப்படி இருக்கிறது, தென்னையில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிடுவது என் வேலை. தென்னையின் எழுத்துக் கடலில் அந்த மரபணு எத்தனையாவது எழுத்தில் தொடங்கி எத்தனையாவதில் முடிகிறது என்று ஒரு பட்டியல் உண்டு. அந்த எண்களைப் பார்த்து, நிரல் எழுதி அந்தத் துண்டை வெட்டி எடுத்தேன். பிறகு மூன்று மூன்று எழுத்தாகப் பிரித்துப் படிக்க வேண்டும். நல்ல மரபணு என்றால் ஏ-டி-ஜி என்று தொடங்கும். நிறுத்து என்று பொருள்படும் மூன்றெழுத்து கடைசியில் மட்டும் வரும்.

எனக்கு வந்ததில் ஏ-டி-ஜி இல்லை. நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்று வரிக்கு வரி வந்தது.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எண்ணெய்ப் பனையில் முழுசாக இருக்கும் மரபணு தென்னையில் உடைந்து கிடக்கிறது! இதை யாராவது பார்த்திருப்பார்களா? நான்தான் முதல் ஆளா? தோழியை இழுத்து வந்து காட்டினேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“உப்பைத் தாங்குற ஜீன் ஒடைஞ்சு கெடந்தா, எங்க ஊர்ல கடலுக்குப் பக்கத்துல நிக்கிற தென்னையெல்லாம் எப்படிடி நிக்கிது?”

“அதுதான்டி ஆராய்ச்சியே!” என்றேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சுருக்கத்தை எழுதினேன். மேடம் ஊக்கப்படுத்திக் கையெழுத்துப் போட்டார், அனுப்பிவிட்டோம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், நம் தென்னையில் ஒரு மரபணு உடைந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். அப்பா டீக்கடையில் சொன்னார். அப்புறம் கேட்க வேண்டுமா? கடைவீதியில் என்னைக் கண்டவர்கள் எல்லாம், “ஒங்க மரத்துல என்னமோ ஒடைஞ்சு போச்சாமே, காய் சாப்பிடலாங்களா?” என்று விசாரித்தார்கள். நான் நின்று நிதானமாக ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

நேர்காணல் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் தோப்பில் காய் வெட்டு. ஜன்னலோரம் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒப்பிட்டுக் காட்ட உடையாத மரபணு ஒன்றும் கையில் இருக்கட்டும் என்று, அதே நிரலில் இன்னொரு மரபணுவை வெட்டி எடுத்தேன். அதுவும் உடைந்திருந்தது. ஆகா, இரண்டாவது கண்டுபிடிப்பு! மூன்றாவதை எடுத்தேன். அதுவும். நான்காவது, ஐந்தாவது. இலைக்குப் பச்சை தரும் மரபணுகூட நிறுத்து, நிறுத்து என்றது.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே குலை குலையாகக் காய்த்துக்கொண்டு நிற்கிறது மரம். இத்தனையும் உடைந்திருந்தால் இது எப்படி முளைத்தது?

வெளியே அடுத்த குவியலை எண்ண ஆரம்பித்திருந்தார்கள். லாபம். ரெண்டு. மூணு. அப்பாவின் குரல். லாபத்துக்கு அடுத்தது ரெண்டு. நான் திரையைப் பார்த்தேன். சைபருக்கு அடுத்தது ஒன்று. ரெண்டு இல்லை, ஒன்று!

லாபம் என்பது முதலாவதுக்கு மட்டும் வேறு பெயர். சைபர் அப்படி இல்லை. அது வரிசை முழுவதையுமே ஒன்று முன்னால் தள்ளிவிடுகிறது. பட்டியலில் ஆயிரமாவது எழுத்து என்று இருந்தால், பைத்தானில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று கேட்க வேண்டும். நான் அப்பா எண்ணுகிற மாதிரியே எண்ணி, ஆயிரம் என்றே கேட்டிருக்கிறேன். அதனால் ஒவ்வொரு மரபணுவிலும் முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து வெட்டியிருக்கிறேன். பந்தியில் முதல் ஆள் ஒரு இலை தள்ளி உட்கார்ந்துவிட்டால் வரிசை முழுக்க அவரவர் இலை மாறிப்போகிற கதைதான்.

நிரலில் ஒரே ஒரு ‘ஒன்றைக் கழி’ சேர்த்தேன். ஏ-டி-ஜி என்று அழகாகத் தொடங்கியது. நிறுத்து, கடைசியில் மட்டும். உடைந்த மரபணு எதுவும் இல்லை. என் கண்டுபிடிப்பும் இல்லை. அழுதேன்; அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

தோழிக்குப் போன் செய்து சொன்னேன். இரண்டு வருடமாக அவளும் என் கணக்கில்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். “அடிப்பாவி, என் ரெக்கார்டு நோட்டுல பாதி போச்சே!” என்று திட்டினாள், திட்டி முடித்ததும் மூச்சு முட்டச் சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது.

ஞாயிறு முழுக்க எனக்குள் ஒரே போராட்டம். சொல்லாமல் விட்டுவிட்டால்? ஒரு பக்கச் சுருக்கத்தில் இருக்கும் ஒரு மரபணுவைப் பெங்களூரில் யார் உட்கார்ந்து வெட்டிப் பார்க்கப் போகிறார்கள்? இடம் கிடைத்த பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமே? அந்த நினைப்போடு சும்மா இருக்க முடியாமல் நிரலைத் தட்டிக்கொண்டிருந்தேன். பட்டியலில் இருக்கும் எல்லா மரபணுக்களையும் ஒவ்வொன்றாக வெட்டி, சரியாகத் தொடங்குகிறதா, சரியாக முடிகிறதா என்று தானே பார்த்துச் சொல்லும்படி மாற்றினேன். சாயங்காலம் ஓடவிட்டேன். ஏ-டி-ஜி, ஏ-டி-ஜி, ஏ-டி-ஜி என்று ஆயிரக்கணக்கில் மழை மாதிரி இறங்கியது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மட்டும் தப்பாக நின்றன. அவை ஏன் அப்படி? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் கண்டுபிடிப்பு என்று குதித்தபோது இருந்ததைவிட அந்த ‘தெரியவில்லை’ அதிகச் சந்தோஷமாக இருந்தது.

திங்கள் காலை மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்ட தாள் அது. “சொல்லாம விட்டுரலாம்னு தோணலையா?” என்று கேட்டார்.

“தோணுச்சு மேடம்.”

“அப்புறம் ஏன் சொல்ற?”

“ஏகப்பட்ட மரபணுவை வெட்டிப் பார்த்துட்டேன் மேடம். இனிமே அந்த ஒண்ணைப் பத்திப் பொய் சொல்ல வாய் வராது.”

“நானும் வெட்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருக்கணும். நடந்ததை அப்படியே அவங்ககிட்டச் சொல்லு, போ” என்றார்.

திரையில் மூன்று பேர் இருந்தார்கள். வணக்கம் சொன்ன கையோடு, “நான் அனுப்பின சுருக்கம் தப்புங்க. அந்த மரபணு உடையலை” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மூன்று பேரும் காகிதத்தைக் கீழே வைத்தார்கள். எப்படித் தப்பு வந்தது என்று ஒருவர் கேட்டார். நான் தேங்காய் எண்ணும் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆங்கிலம் பாதியில் காலை வாரிவிட்டது. மூவரில் தமிழ் தெரிந்த அம்மா ஒருவர், “தமிழ்லயே சொல்லுங்க, நான் இவங்களுக்குச் சொல்றேன்” என்றார். கையை வீசி வீசி எண்ணிக் காட்டினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிய நிரலைத் திறந்து, சரியாக இல்லாத அந்தச் சில மரபணுக்களைக் காட்டி, இவை ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது, அங்கு வந்தால் தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டேன். நேர்காணலில் கேள்வி கேட்பது அவர்கள் வேலை என்பது எனக்கு அப்போது மறந்தே போயிருந்தது.

ஒன்றரை மாதம் எந்தப் பதிலும் இல்லை. அத்தை பி.எட். விண்ணப்பத்தை வாங்கியே வந்துவிட்டார். கடைவீதியில், “ஒடைஞ்சது ஒட்டிருச்சாமே?” என்று கேலி. நான் விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் எழுதி, மீதியை எழுதாமல் வைத்திருந்தேன்.

அடுத்த காய் வெட்டு அன்று மதியம் மின்னஞ்சல் வந்தது. இரண்டு தடவை படித்தேன். நம்பாமல் போனை அணைத்துப் போட்டு, மறுபடி திறந்து இன்னொரு தடவை படித்தேன். செருப்புகூடப் போடாமல் தோப்புக்கு ஓடினேன். குவியல் முக்கால்வாசி எண்ணி முடிந்திருந்தது. எண்ணும்போது பேசக் கூடாது என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனாலும் கத்தினேன்.

“அப்பா! எனக்குத்தான்ப்பா! அந்த எடம் எனக்குத்தான்!”

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. கையில் இரண்டு காய்கள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியதா, வெயிலா என்று எனக்குத் தெரியாது.

“எத்தனைண்ணே?” என்று நோட்டும் கையுமாக நின்ற வியாபாரி கேட்டார்.

“விட்டுப்போச்சுய்யா” என்றார் அப்பா. கையிலிருந்த காய்களை மறுபடி குவியலிலேயே போட்டார். “மொதல்லேர்ந்து எண்ணிக்கிடலாம். செத்த இருங்க, எம்மவ என்னமோ சொல்றா.”