ஐந்தருவி ஏற்றத்தில் சூடாகாத பேட்டரி

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று செய்தியில் பார்த்ததுமே பையைத் தூக்கிவிட்டோம். போன ஜூலை, நானும் கணவரும் மட்டும். மூன்று வருடமாக "அடுத்த சீசன்" என்று தள்ளிப்போட்டவரால் இந்த முறை தப்ப முடியவில்லை. மதுரையிலிருந்து தென்காசிக்குச் சுமார் 160 கிலோமீட்டர். அரசுப் பேருந்தில் நாலு மணி நேரம் பிடித்தது.

தென்காசியில் அறை எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மின்சார ஆட்டோ பேசினோம். மெயின் அருவி, ஐந்தருவி, காத்திருந்து திரும்பக் கொண்டுவிட எழுநூறு ரூபாய். ஓட்டியவர் கணபதி அண்ணாச்சி. மெயின் அருவியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. தலையை நனைத்ததோடு திருப்திப்பட்டுக்கொண்டோம்.

ஐந்தருவி ஏற்றத்தில் இரண்டு மின்சார ஆட்டோக்கள் ஓரங்கட்டி நின்றன. எங்கள் வண்டி அதுபாட்டுக்கு ஏறியது. எப்படி என்று கேட்டேன்.

"அதுக பேட்டரி சூடாயிரும்க்கா. இது ஆவாது. பக்கத்துல சுரண்டைல மீனான்னு ஒரு பிள்ள, இஞ்சினியரு, அது செஞ்சது. ரெண்டு வருசமா ஓட்டுதேன்."

"அப்போ எல்லா வண்டிக்கும் போடலாமே?"

"அந்த ஆசையிலதான் ஒரு பெரிய கம்பெனிக்கு உரிமைய வித்துச்சு. வாங்குனவன் செய்யவும் மாட்டேங்கான், செய்ய விடவும் மாட்டேங்கான். பேட்டரி சூடாகி அடிக்கடி கெட்டாத்தான அவனுக்கு யாவாரம்? சோதனைக்குக் குடுத்ததையெல்லாம் திருப்பிக் கேட்டு வாங்கிட்டான். இதுதான் கடைசி. இன்னைக்குச் சாயங்காலம் கழட்டுதாவ."

அதன் பிறகு அருவியில் எனக்கு மனம் ஒட்டவில்லை. குளிர்ந்த தண்ணீர்தான், ஆனால் எரிச்சல் அடங்கவில்லை.

தென்காசிக்குத் திரும்பி வந்தபோது ஆட்டோ ஸ்டாண்டில் கம்பெனி வேன் நின்றது. பக்கத்தில் ஸ்பானர் பையோடு மீனா. முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் நோண்டி உடைத்துவிடுவார்கள் என்று தானே கழற்ற வந்திருந்தார். "கோர்ட்டுக்குப் போகலாமே?" என்றார் என் கணவர்.

"என்னன்னு சார் போக? வாங்கினவங்க கண்டிப்பா தயாரிக்கணும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி கூட இல்ல. வாங்கினா செய்யாமலா இருப்பாங்கன்னு நினைச்சேன். கேக்கத் தோணல."

"எனக்கு மட்டும் புதுசா ஒண்ணு செஞ்சு தாயேம்மா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் கணபதி அண்ணாச்சி.

"பத்து வருசத்துக்கு இந்த மாதிரி எதையும் நான் தொடக்கூடாதாம் அண்ணாச்சி. செஞ்சா கேஸு எம்மேலதான்."

பேட்டரிப் பெட்டியை வெளியே எடுத்ததும் மீனா அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இம்புட்டு ஏத்தம் ஏறி வந்திருக்கு, சூடே இல்ல பாருங்க" என்றார் வேன்காரரிடம். வேன்காரர் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். மீனா போட்டுக் கொடுத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாளும் ஐந்தருவி போகக் கணபதி அண்ணாச்சியையே கூப்பிட்டோம். அதே வண்டி, உள்ளே கம்பெனி விற்கும் வழக்கமான பேட்டரி. ஏற்றம் பாதியில் ஓரங்கட்டினார். "செத்த ஆறட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறைத் தவிருங்கள். காலை ஏழு மணிக்குள் மெயின் அருவியை முடித்துவிடுங்கள். மாற்றுத்துணியை பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள்ளுங்கள். மின்சார ஆட்டோவில் ஐந்தருவி போவதானால் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். வழியில் வண்டி நிற்கும். ஆட்டோக்காரரைத் திட்டாதீர்கள்.