என் போன் அழித்த தழும்பு

என் போனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். குறை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை நான் சொல்லலாம். நீங்கள் சொல்லக்கூடாது.

வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தக் கம்பெனி போடுகிற வரிசையில் உச்சியில் இருக்கும் மாடல். கடையில் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, "இவ்ளோ பெரிய போன் எதுக்கு? பஸ்ல ஏறினதும் தூங்கத்தானே போறீங்க?" என்றாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், குவாலிட்டி பிரிவில் எனக்கு வேலை. தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். தூங்குகிறேன் என்பதும் உண்மைதான். ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மற்றவன் எடுத்த போட்டோவை "எனக்கும் அனுப்புப்பா" என்று கெஞ்சியே காலத்தை ஓட்டியவன் நான். ஒரு தடவையாவது உசத்தியான ஒன்றை வைத்துப் பார்ப்போமே என்று இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, போன் என்றால் அது போன். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று, ஏரிக்கு அக்கரையில் இருக்கும் கொக்கின் கண்ணை எடுத்துக் காட்டியிருக்கிறேன். தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறினால், அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் பக்கம் புள்ளியாகத் தெரிகிற ரயிலை ஜூம் பண்ணி, அது ஃபாஸ்ட்டா ஸ்லோவா என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வேன். அவர் கேட்காமலே சொல்வேன். போன் மழையில் நனைந்தது, துணி ஊறவைத்த பக்கெட்டில் விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்கும்.

சாஃப்ட்வேர்தான் பேஜார். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அலாரத்தையே தூங்க வைத்துவிடும். என்னை எழுப்ப வேண்டியதே தூங்கிவிட்டால் நான் எங்கே போவது? இரண்டு தடவை கம்பெனி பஸ்ஸை விட்டேன். அடிக்கடி அப்டேட் வரும். மறுநாள் டார்ச் பட்டன் வேறெங்கோ போயிருக்கும், நான் மெனக்கெட்டு அணைத்து வைத்ததெல்லாம் தானாக உயிர் பெற்று உட்கார்ந்திருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் அணையாது, ஒரு பெண் குரல் "நான் எப்படி உதவலாம்?" என்று கேட்கும். எதிர்வீட்டுக்காரர் தவறிப்போனபோது நான் மாலையோடு குனிந்த நேரம் பார்த்து அது அப்படிக் கேட்டுவைத்தது. "ஆளு ராஜாவாட்டம், புத்திதான் கொஞ்சம் மட்டு" என்பாள் என் மனைவி. போனைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன்.

இத்தனை பெருமையும் பேஜாரும் ஒன்றாகச் சேர்ந்து என்னை மாட்டிவிட்டது, என் மகளுக்கு பேனர் வைத்தபோதுதான்.

எங்களுக்கு ஒரே மகள். போன வருஷம் ரயில்வே தேர்வு எழுதி, அசிஸ்டென்ட் லோகோ பைலட்டாகத் தேர்வானாள். ரயில் இன்ஜினில் உட்காரப்போகிற பெண், எங்கள் வீட்டுப் பெண். எழுத்துத் தேர்வைவிட அதில் பயமுறுத்துவது கண் பரிசோதனை. கண்ணாடி போடக்கூடாது, தூரம், கிட்டம், நிறம் எல்லாம் பார்ப்பார்கள். அதிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருந்தார்கள். அவள் இரண்டு கண்ணாலும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு வெளியே வந்தாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அவளுடைய இடது கண்ணுக்காக மட்டும் சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மரை வேண்டிக்கொண்டிருந்தேன்.

இடது கண்ணுக்கு ஏன் என்றால், அந்தப் புருவத்தின் மேல் அவளுக்கு ஒரு தழும்பு உண்டு. புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு நெற்றிக்கு ஏறும். நாலு வயதில் என் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வந்தபோது விழுந்து, வண்டியின் பக்கக் கண்ணாடிக் கம்பி கிழித்தது. கண்ணுக்கு நூலிழையில் தப்பித்தது. யார் கேட்டாலும், "நாய் ஒண்ணு குறுக்க வந்துடுச்சுங்க. மூணே மூணு தையல்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்தேன்.

எங்கள் காலனியில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும் நலச் சங்கம் நுழைவாயிலில் ஃப்ளெக்ஸ் பேனர் வைத்துவிடும். நடுவில் சாதித்தவர் முகம், கீழே வரிசையாக நிர்வாகிகள் முகம், சாதித்தவரைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாராட்டு விழா, மாலை, சால்வை, காராசேவு, காப்பி. தலைவர் ரிட்டயர்டு வாத்தியார். அவர் எனக்கு போன் பண்ணி, "சார், பாப்பாவ ஸ்டுடியோவுல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"ஸ்டுடியோ எதுக்கு சார்? என் போன் இருநூறு மெகாபிக்சல். பத்தடி பேனருக்கு இல்ல, வூடு அளவுக்கு அடிச்சாலும் உடையாது" என்றேன். வீம்புக்கு அப்படி இழுத்து 'வூடு' என்று சொல்வது என் வழக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெயில் தணிந்த நேரம், மொட்டைமாடியில் நிறுத்தி எடுத்தேன். நீலப் புடவை, பின்னால் ஏரி. தொட்டவுடன் திரையில் ஒரு வட்டம் ஒரு நொடி சுற்றியது. படம் வந்தது. அவ்வளவு அழகாக இருந்தாள். முகம் வழவழவென்று இருந்தது, புருவம் முழுசாக இருந்தது.

முப்பது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தலைமுடியளவு கீறலைத் தேடிப் பிடிக்கிற வேலை எனக்கு. எனக்கா தெரியாது? பார்த்தேன். முகத்தைக் கண்டால் கேட்காமலே மெழுகிவிடுகிற செட்டிங் ஒன்று அதில் உண்டு. போன அப்டேட்டில் அது தானாக முளைத்துவிட்டது என்பதும் புரிந்தது. இன்னொன்று எடுக்கலாம் என்று விரல் போனது. அப்புறம் அந்தப் படத்தையே பேனர் கடைக்கும் தலைவருக்கும் அனுப்பிவிட்டேன். மகளிடம் காட்டவில்லை, "பேனர்ல பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை பேனர் கட்டிவிட்டார்கள். பத்தடி உயரத்தில் என் மகள். காய்கறி வாங்கப் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். "எந்த ஸ்டுடியோ சார்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காட்டினேன். தலைகால் புரியாமல் நின்றுகொண்டிருந்தபோது மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள். அவள் கை தானாகப் புருவத்துக்குப் போனது.

"யாருப்பா இது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். கூடத்தில் என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் சோபாவில் உட்கார்ந்து, நிதானமாக, "சாயந்திரம் நான் வரலம்மா. பேனர்ல ஒருத்தி நிக்கிறா இல்ல, அவளுக்கே மாலையப் போட்டுடச் சொல்லு" என்றாள். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அம்மாவைப் பார்த்துப் பேசினாள், என்னைப் பார்க்கவே இல்லை.

"போன் பண்ணின வேலைம்மா. மூஞ்சியப் பாத்தா அதுவா வழவழன்னு ஆக்கிடும். சாஃப்ட்வேர் சனியன். அப்பா ஒண்ணும் பண்ணல" என்றேன்.

இப்போது திரும்பிப் பார்த்தாள். "சரிப்பா. போன்தான் அழிச்சுது. எடுத்த உடனே நீ பாத்தியா, இல்லியா?"

பீன்ஸ் நறுக்குகிற சத்தம் நின்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். பழியைத் தூக்கிக்கொள்ள போன் தயாராகக் கையில் இருந்தது. ஆனால் என் வேலை என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"பாத்தேன்" என்றேன்.

"பாத்துட்டுமா அனுப்பின?"

"அது இல்லாம உன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு இருபது வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேம்மா. அன்னிக்குத்தான் பாத்தேன். அந்தப் படத்த அழிக்க மனசு வரல." ஆரம்பித்தாகிவிட்டது, முழுசாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "அன்னிக்கு நாய் எதுவும் வரல. சிங்கப்பெருமாள் கோயில்லேருந்து திரும்பறோம், வண்டலூர்ல எலக்ட்ரிக் டிரெயின் ஒண்ணு கெளம்புது. நான் அதோட ரேஸ் விட்டேன். ரோட்டப் பாக்காம டிரெயினப் பாத்துக்கிட்டே ஓட்டினேன். மணல்ல சறுக்கிடுச்சு."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"நான்தானேப்பா முன்னாடி நின்னேன்? அப்பா, முந்து முந்துன்னு கத்தினதே நான்தானே? நாம முந்திட்டோம்பா. எல்லாப் பெட்டியையும் தாண்டி முன்னாடி போயிட்டோம். டிரைவர் என்னப் பாத்துக் கை காட்டினாரு. அவரப் பாத்து நானும் கை காட்டினேன். அப்புறம்தான் விழுந்தோம்." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "எனக்கு எப்பலேருந்து டிரெயின் ஓட்டணும்னு ஆசைன்னு நெனச்ச? மெடிக்கல் டெஸ்ட்ல டாக்டர் மொதல்ல இதத்தான் தொட்டுப் பாத்தாரு. இதோடதான் பாஸ் ஆனேன். அத நீயே எப்படிப்பா அழிச்ச?"

நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். என் மனைவி எழுந்து வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, "அழுதது போதும். மணி பத்துதான் ஆவுது. வேற போட்டோ எடுங்க" என்றாள்.

மூன்று பேரும் மறுபடி மொட்டைமாடிக்கு ஏறினோம். அழகுபடுத்தும் செட்டிங்கைத் தேடிப் பிடித்து அணைத்தேன். எடுத்தால் தழும்பு பாதிதான் வந்தது. உள்ளே இன்னொரு மெனுவில் 'செயற்கை நுண்ணறிவு மேம்பாடு' என்று ஒன்று ஒளிந்திருந்தது. அதையும் அணைத்தேன். கேமராவை மூடித் திறந்தால் இரண்டும் பழையபடி உயிரோடு இருந்தன. என் வாயில் வந்த வார்த்தைகளை எழுத முடியாது. மகள்தான் சிரித்துக்கொண்டே போனை வாங்கி, எல்லாவற்றையும் கையால் வைக்கிற ப்ரோ மோடுக்கு மாற்றிக் கொடுத்தாள். "இப்ப எடு. அது குறுக்க வராது."

நேராக என்னைப் பார்த்து நின்றாள். எடுத்தேன். வந்த படத்தை விரலால் பெரிதாக்கினேன். இருநூறு மெகாபிக்சல் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தழும்பின் இரண்டு பக்கமும் ஊசி இறங்கிய புள்ளிகள் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

"ஏழு இருக்கு" என்றேன்.

"ஏழுதான்" என்றாள் என் மனைவி. "பெருங்களத்தூர் ஆஸ்பத்திரிக்கு நான் ஆட்டோல வந்து எறங்கறேன், நீங்க வெளிய ஸ்கூட்டரப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. உள்ள இவளப் புடிச்சுக்கிட்டது நான். ஏழுன்னு அப்பவே சொன்னேன். உங்க காதுல மூணுதான் விழுந்துது."

பேனர் கடை மேடவாக்கம் ரோட்டில். கடைக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், முன்ன குடுத்தது நல்லாத்தானே கீது? எல்லாரும் தழும்ப எடுக்கச் சொல்லி வருவாங்கோ. நீ போடச் சொல்லி வந்துகிற." சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் மவுஸை நெற்றிக்குக் கொண்டுபோனார். அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "கை தானா போவுது சார்" என்றார். பிரிண்ட் முழுசாக இறங்குகிறவரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன்.

சாயங்காலம் பழையதை இறக்கிவிட்டுப் புதியதைக் கட்டினோம். பத்தடி முகத்தில் அந்தத் தழும்பு மட்டும் என் முழங்கை நீளம் இருந்தது. ஒவ்வொரு தையலும் தெருமுனையிலிருந்தே தெரிந்தது. அப்படியொரு கேமரா வேறு யாரிடம் இருக்கிறது? எனக்கு மார்பு நிமிர்ந்துவிட்டது. தலைவர் சால்வையும் கையுமாக வந்தவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்ன சார், பிரிண்ட்ல ஏதோ கோடு விழுந்துபோச்சே?"

"கோடு இல்ல சார்" என்றேன். சுற்றி நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். "ஏழு தையல். இவளோட சின்ன வயசுல நான் டிரெயினோட ரேஸ் விட்டு, என் பொண்ணக் கீழ விழ வெச்சேன்."

மகள் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள்.

"முந்திட்டோம்னும் சொல்லுப்பா" என்றாள்.

"முந்திட்டோம் சார்" என்றேன்.