பக்கத்தில் இருப்பவர் கை

பக்கத்து குவார்ட்டர்ஸ் குழந்தை காகிதத்தோடு வந்தது. சர்ச் ஞாயிறு வகுப்புக்கு, தனக்குப் பிடித்த ஒருவர் கையை வரைந்து வெட்டி, நடுவில் சிவப்பு இதயம் ஒட்ட வேண்டுமாம். "ஆயா, கைய வைங்க" என்றது. பென்சில் விரலைச் சுற்றி ஓடியதும் என் எட்டு வயது ஞாபகம் வந்தது.

நாங்கள் வேதக்காரர்கள் இல்லை. பிஸ்கட்டுக்காக நானும் அந்த வகுப்புக்குப் போவேன். சர்ச் வேப்பமரத்தடியில் மைதாப் பசை வாசனை அடிக்கும். "எல்லாரையும் நேசிக்கணும். பக்கத்துல இருக்கறவங்க கைய வரைங்க" என்றார் டீச்சர். பக்கத்தில் இருந்த பர்மனென்ட் வேலைக்காரர் மகள், தினக்கூலி வீட்டுப் பிள்ளையான என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"உன்னத் தொடக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லிக்கீது."

"உன் கை யாருக்குடி வேணும்?" என்று என் இடது கையையே வரைந்தேன்.

"இது யார் கை?" என்றார் டீச்சர்.

"என்னுதுதாங்க. யாரும் தரல."

அவர் அதையும் சர்ச் சுவரில் ஒட்டினார். இருந்ததிலேயே சுத்தமாக வெட்டியது என்னுடையதுதான்.

"ஆட்டாதீங்க ஆயா" என்று குழந்தை என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தது. நான் ஆட்டவில்லை. வரைந்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.